கடைமடை வரை: டார்லிங் ஆற்றோடு ஒரு பயணம்

ஆகஸ்ட் 18, ப்ரூவாரினா

டப்போவில் ஒரு இரவு தங்கிவிட்டு மதியம் இங்கே வந்து சேர்ந்தோம். காரில் நான், கணவர், மாமனார். மாமா பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவுப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சிட்னியில் கடற்கரைகளைப் பார்த்து முடித்ததும், "இந்த நாட்டுக்கு உள்ளே ஓடற ஆறு ஒண்ணைக் காட்டுங்கப்பா" என்று கேட்டார். டார்லிங் ஆற்றை ஒட்டியே கீழே இறங்குவது என்று முடிவாயிற்று.

ஆற்றுக்கு இங்கே இன்னும் பார்வன் என்றுதான் பெயர். கிழக்குக் கடற்கரையோரம் நீளும் கிரேட் டிவைடிங் மலைத்தொடரின் மேற்குச் சரிவில் விழும் மழை, பக்கத்திலிருக்கும் கடலை விட்டுவிட்டு உள்நாட்டுப் பக்கம் இறங்குகிறது. மெக்கின்டயர், க்வைடர், நமோய், மக்குவாரி என்று பல ஆறுகள் பார்வனோடு சேர்கின்றன. இந்த ஊருக்கும் பர்க்குக்கும் நடுவில் குல்கோவா வந்து கலந்த பிறகு பெயர் டார்லிங் ஆகிறது. அங்கிருந்து வென்ட்வொர்த்தில் மரே ஆற்றோடு சேரும்வரை 1,472 கி.மீ.

ஊருக்கு நடுவிலேயே ஆற்றுக்குள் கற்களால் கட்டிய மீன் பொறிகள் இருக்கின்றன. அரை கிலோமீட்டர் நீளத்துக்குக் கண்ணீர்த்துளி வடிவிலும் பிறை வடிவிலும் சின்னச் சின்னக் கல்சுவர்கள். இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான ங்கெம்பா மக்கள் இதை பையாமியின் ங்குன்னு என்கிறார்கள். பையாமி அவர்களுடைய படைப்புக் கடவுள்; அவர் வறண்ட ஆற்றுப்படுகையில் வலையை விரித்துக் காட்ட, அவருடைய இரண்டு மகன்களும் அந்த வலையின் வடிவத்திலேயே கற்களை அடுக்கினார்கள் என்பது கதை. மனிதர் கட்டியவற்றில் உலகிலேயே மிகப் பழையவற்றில் இதுவும் ஒன்றாக இருக்கலாம் என்கிறார்கள். 2005 இல் தேசிய மரபுச் சின்னப் பட்டியலில் சேர்த்தார்கள்.

வழிகாட்டியாக வந்த பெண்மணி ங்கெம்பா குலத்தவர். நாங்கள் மூவர் மட்டும்தான் வந்திருந்தோம். ஆனாலும் அவசரப்படாமல் ஒரு மணி நேரம் நின்று விளக்கினார். நீர்மட்டம் எந்த உயரத்தில் இருந்தாலும் ஏதாவது ஒரு வரிசை வேலை செய்யும்படி சுவர்கள் வெவ்வேறு உயரத்தில் இருக்கின்றன. எந்தப் பொறி எந்தக் குடும்பத்தின் பொறுப்பு என்று பிரித்து வைத்திருந்தார்கள். சுற்று வட்டாரத்துக் குலங்கள் எல்லாம் இங்கே கூடிச் சாப்பிட்டு, பேச்சு முடித்துப் போவார்களாம். மேலே ஏறும் மீனில் ஒரு பங்கு மேல்பக்கத்து ஆட்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதும் அந்த ஏற்பாட்டில் அடங்கியிருந்தது. பிறகு வந்த வெள்ளைக்காரர்கள் வீடு கட்டக் கல்லைப் பெயர்த்தார்கள், நீராவிப் படகு போக வழி உடைத்தார்கள். மாமா நெடுநேரம் கரையிலேயே நின்றார். "பங்கீட்டைக் கல்லுல கட்டி வச்சிருக்காங்கம்மா" என்றார்.

தங்கிய அறையில் ஹீட்டர் ஓடவில்லை. இரவு நான்கு டிகிரி. வரவேற்பில் சொன்னதும் இன்னும் இரண்டு கம்பளி கொடுத்தார்கள். வாடகை 145 டாலரில் ஒன்றும் குறைக்கவில்லை.

ஆகஸ்ட் 19, பர்க்

நூறு கிலோமீட்டர் தார்ச்சாலை. வழியில் ஈமு கூட்டம் ஒன்று காரோடு போட்டி போட்டு ஓடியது. பர்க்கில் பெட்ரோல் லிட்டர் 2.19.

படகுத்துறை மூன்று அடுக்கு. இப்போது இருப்பது மறுபடி கட்டியது, ஆனால் பழையதும் மூன்று அடுக்குதான். ஆறு பத்து மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும் என்பதால், எந்த மட்டத்தில் தண்ணீர் நின்றாலும் கம்பளி மூட்டையைப் படகில் ஏற்றியாக வேண்டும். 1885 இல் ரயில் வருவதற்கு முன்பு இந்தப் பகுதியின் ஆட்டுக் கம்பளி முழுக்க ஆற்று வழியாகத்தான் போயிற்று. தண்ணீர் வற்றினால் படகு நின்ற இடத்திலேயே நிற்கும். ஜேன் எலைசா என்ற படகு கீழேயிருந்து பர்க் வந்து சேர மூன்று வருஷம் ஆனதையும், திரும்பும்போது வெள்ளம் வந்ததால் மூன்றே வாரத்தில் இறங்கியதையும் இங்கே எல்லோரும் சொல்கிறார்கள்.

1829 இல் சார்லஸ் ஸ்டர்ட் என்ற ஆங்கிலேய ஆய்வுப் பயணி குதிரைகளோடு தாகத்தில் வந்து இந்த ஆற்றைக் கண்டபோது வறட்சிக் காலம். வாயில் வைத்த தண்ணீர் உப்பு. ஓட்டம் குறையும்போது நிலத்தடியின் உப்புநீர் படுகையில் ஊறி வருவதுதான் காரணம். அந்த ஆற்றுக்கு அவர் அன்றைய ஆளுநர் ரால்ஃப் டார்லிங்கின் பெயரை வைத்தார். கரையில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாழ்ந்த பார்க்கிண்ட்ஜி மக்களுக்கு இது பாக்கா.

மாமா நோட்டை எடுத்துவிட்டார். பர்க் கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டரைக் கொஞ்சம் தாண்டிய உயரம். கடலோ ஆற்று வழியே இரண்டாயிரம் கி.மீ.க்கும் அப்பால். கிலோமீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர் சரிவு. "வாய்க்கால் வெட்டறப்பகூட இதைவிட அதிகமா விடுவோம்" என்றார். அவ்வளவு தட்டையான நிலத்தில் ஓடுவதால்தான் ஆறு இப்படிப் பாம்பாக நெளிகிறது. சாலையில் ஒரு பங்கு தூரம் என்றால் ஆற்றில் இரண்டு பங்கு.

கல்லறைத் தோட்டத்துக்கும் போனோம். ஒட்டகம் ஓட்டி வந்த ஆப்கானியர்களின் சின்னத் தகர மசூதி ஒன்று அங்கே இருக்கிறது. கண் மருத்துவர் ஃப்ரெட் ஹாலோஸின் சமாதியும் அங்கேதான். பூர்வகுடி மக்களின் கண்நோயைத் தீர்க்க இந்த ஊர்களில் அலைந்தவர், 1993 இல் இறந்தபோது இங்கேயே புதைக்கச் சொல்லியிருந்தார். பக்கத்துச் சமாதிக்குப் பூ கொண்டுவந்த ஒரு முதியவர், எங்களைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 20, லவுத் வழியாக டில்பா

பர்க்கைத் தாண்டியதும் மண் பாதை வந்துவிடுகிறது. ஆற்றோரமாகவே போகிறோம் என்று பெயர், ஆனால் ஆறு கண்ணில் படுவதே அபூர்வம். செம்மண் சமவெளியில் தூரத்தில் ஒரு பச்சைக் கோடு தெரியும், அதுதான் ஆறு. இறங்கிப் போனால் பெரிய யூகலிப்டஸ் மரங்கள், வேரெல்லாம் வெளியே தெரிய, படுகைக்குள் சாய்ந்து நிற்கும். நம் ஊரில் தைலமரம் என்று தரிசு நிலங்களில் வரிசையாக நடுவார்களே, அதில் ஒரு வகை இதுதான். இங்கே அதற்குச் சொந்த வீடு. இரண்டு ஆள் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் எட்டாத அடிமரம், முந்நூறு நானூறு வயதுக்குக் குறையாது என்றார் வழியில் சந்தித்த வனத்துறைக்காரர். தைலமரம் என்றாலே முகம் சுளிக்கும் மாமா, ஒரு மரத்தைத் தட்டிக் கொடுத்துவிட்டு வந்தார்.

லவுத்தில் சில வீடுகள், ஒரு பப். இந்த மாதம் இங்கே குதிரைப் பந்தயம் நடக்கும். அந்த ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் வருமாம். நாங்கள் போனபோது நாய் ஒன்று மட்டும் சாலை நடுவில் படுத்திருந்தது. டோஸ்ட் சான்ட்விச், டீ மூன்று பேருக்கும் சேர்த்து 38 டாலர். பரிமாறிய பெண் மாமா அசைவம் சாப்பிட மாட்டார் என்று தெரிந்ததும், தன் வீட்டுத் தோட்டத்துத் தக்காளியை நறுக்கி உப்புப் போட்டுத் தனித் தட்டில் கொண்டுவந்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

லவுத்துக்குக் கொஞ்சம் மேலே வாரெகோ வந்து சேர்கிறது. அதற்குப் பிறகு பெயர் சொல்லும்படியான துணையாறு கிடையாது. வில்கேனியா பக்கம் பாரூ என்று ஒன்று உண்டு. பெருவெள்ளம் வந்தால்தான் அதன் தண்ணீர் டார்லிங்கைத் தொடும். ஆகவே இங்கிருந்து கீழே, ஓடும் தூரமெல்லாம் தண்ணீர் குறைந்துகொண்டேதான் போகும். மண் குடிக்கிறது, வெயில் குடிக்கிறது, பம்புசெட்டும் குடிக்கிறது.

ஆகஸ்ட் 21, டில்பா

இரவு பன்னிரண்டு மணிக்கு மழை பிடித்தது. காலையில் பாதையை மூடிவிட்டார்கள்.

இந்தக் கரிசல் மண்ணை வெயிலில் பார்த்தால் கல் மாதிரி இருக்கும். பத்து மில்லிமீட்டர் மழை போதும், சக்கரத்தைச் சுற்றி அப்பிக்கொண்டு மட்கார்டு வரை அடைத்துவிடும். மூடிய பாதையில் ஓட்டினால் சக்கரத்துக்கு இவ்வளவு என்று அபராதம் என்றார்கள் ஊர்க்காரர்கள். பாதை குழியாகிவிட்டால் காயும்போது அப்படியே இறுகிப்போகும், அதைச் சீர்செய்ய மாதக்கணக்கில் ஆகும் என்பதால் அந்த அபராதம் நியாயம்தான் என்று எனக்குத் தோன்றியது.

டில்பா என்றால் ஒரு பப், ஒரு பாலம், சில வீடுகள். பப்பின் சுவரெல்லாம் பெயர்கள். பறக்கும் மருத்துவர் சேவைக்குக் கொஞ்சம் பணம் போட்டால் மார்க்கர் கொடுப்பார்கள், நம் பெயரை எழுதிக்கொள்ளலாம். ஆம்புலன்ஸ் வந்து சேர முடியாத இந்த ஊர்களுக்கு விமானத்தில் டாக்டர் வருகிறார். சுவர் முழுக்க எழுத்து நிரம்பியிருப்பதைப் பார்க்க மனசுக்கு நிறைவாக இருந்தது. மாமா தமிழில் தன் பெயரையும் ஊரையும் எழுதினார்.

மழையில் மாட்டியவர்கள் எங்களைத் தவிர இன்னும் மூன்று குடும்பம். மதியம் எல்லோரும் ஒரே மேஜையில். மீன் வறுவல் கேட்டேன், 29 டாலர். வந்தது கடல் மீன், உறைய வைத்துக் கொண்டுவந்தது. ஆற்றை வாசலில் வைத்துக்கொண்டு ஏன் என்று கேட்டதற்கு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த செம்மறி வளர்ப்பவர் பதில் சொன்னார். முன்பு தூண்டில் போட்டால் காட் மீனும் யெல்லோபெல்லியும் தவறாமல் மாட்டுமாம். இப்போது பத்தில் எட்டு வெளிநாட்டு கார்ப். 1991 இல் இந்த ஆற்றில் ஆயிரம் கிலோமீட்டர் நீளத்துக்கு நச்சுப்பாசி படர்ந்து, மாநிலமே அவசர நிலை அறிவித்தது; அப்போது அவர் இளைஞர். "மேலே எத்தனை பேர் பம்ப் போட்டிருக்காங்கன்னு என் அப்பா காலத்துல ஒரு கையால எண்ணிடலாம்" என்றார்.

மாமா ரொம்ப நேரம் அவரிடம் பேசினார். மேலே பருத்தித் தோட்டங்கள், வெள்ளத்தைக் கரை கட்டித் தேக்கும் பிரம்மாண்டக் குளங்கள். குயின்ஸ்லாந்தில் குல்கோவா பக்கம் இருக்கும் கப்பி என்ற ஒரே பண்ணை 500 ஜிகாலிட்டருக்கும் மேல் பிடித்துவைக்கும் (ஒரு ஜிகாலிட்டர் என்றால் நூறு கோடி லிட்டர்). அதற்கு உரிமம் உண்டு, சட்டப்படிதான். 2017 இல் தொலைக்காட்சியில் சட்டத்தை மீறிய பம்பிங் பற்றி ஒரு நிகழ்ச்சி வந்து, அதன் பிறகு இந்த மாநிலமான நியூ சவுத் வேல்ஸில் தண்ணீர்க் கணக்கைக் கண்காணிக்கத் தனி அமைப்பே வைத்தார்கள். "மீட்டர் இருந்துதா, இல்லையா?" என்பதையே மாமா வேறு வேறு விதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பல இடங்களில் இல்லை என்பதுதான் பதில்.

ஆகஸ்ட் 22, டில்பாவே

மழை விட்டது, பாதை காயவில்லை. குக்கரில் சாதம் வைத்துப் பருப்புப் பொடி போட்டு எல்லோருக்கும் கொடுத்தேன். மெல்போர்ன் தம்பதி பொடியின் பெயரை எழுதி வாங்கிக்கொண்டார்கள். பதிலுக்கு ஆரஞ்சு கேக்.

ஆகஸ்ட் 23, வில்கேனியா

காலை பத்து மணிக்குப் பாதை திறந்தது. வழியில் ஒரு டயர் கூர்க்கல்லில் கிழிந்தது. கணவர் ஜாக்கி போடும்போதே பின்னால் வந்த லாரிக்காரர் நிறுத்தி, கேட்காமலே மண்டியிட்டு நட்டைக் கழற்றிக் கொடுத்தார். நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் கிளம்பிவிட்டார்.

வில்கேனியா ஒரு காலத்தில் ஆற்றுத் துறைமுகமாக ஓகோ என்று இருந்த ஊர். மேற்கின் ராணி நகரம் என்று பெயர். தபால் ஆபீஸ், நீதிமன்றம் எல்லாம் மணற்கல்லில், மஞ்சள் வெயிலில் அவ்வளவு அழகு. 1896 இல் கட்டிய இரும்புப் பாலத்தின் நடுப்பகுதி, படகுக்காக மேலே உயரும்படி அமைத்தது. இன்று ஊரில் சில நூறு பேர், பெரும்பாலோர் பார்க்கிண்ட்ஜி மக்கள். 2015 இல் நீதிமன்றம் இவர்களுக்கு 1,28,000 சதுர கி.மீ. நிலத்துக்குப் பூர்வகுடி உரிமையை ஒப்புக்கொண்டது. அதில் தண்ணீரைப் பங்கு போடும் உரிமை ஏதும் சேரவில்லை என்பதைப் பாலத்தடியில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டி வருத்தத்தோடு சொன்னார். வறட்சியில் இந்தப் பாலத்தடியில் நடந்தே அக்கரை போகலாமாம். அப்படி வற்றும் மாதங்களில் பையன்களுக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் போகிறது, வீட்டில் சண்டை வருகிறது, ஊரே நோயில் விழுந்ததுபோல் ஆகிறது என்றார். அவர் சொன்ன விதத்தில் ஆறு குடும்பத்தில் ஒரு ஆள்.

மாமா இங்கே இன்னொரு கணக்குப் போட்டார். டில்பாவில் காய்ந்த இலை ஒன்றைத் தண்ணீரில் போட்டு நேரம் பார்த்திருந்தார். மனிதன் மெல்ல நடக்கும் வேகம்கூட இல்லை. அந்த வேகத்தில், நாங்கள் ப்ரூவாரினாவில் பார்த்த தண்ணீர் இன்னும் பர்க்கைத் தாண்டி வெகுதூரம் வந்திருக்காது. மேலே பெய்யும் மழை இங்கே வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். எப்போது வரும், எவ்வளவு வரும் என்று அத்தனை நாளும் காத்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 24, மெனிண்டி

இந்த ஊரைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை. 2019 ஜனவரியில் இரண்டு பேர் செத்துப்போன பெரிய காட் மீன்களின் உடலைக் கையில் ஏந்தி அழுததை எல்லோரும் செய்தியில் பார்த்திருப்போம். அது இங்கே நடந்தது.

வறட்சியில் ஓட்டம் நின்று தேங்கிய தண்ணீரில் பாசி பெருகியது. திடீரென்று குளிர்ந்ததும் பாசி செத்தது; அடியில் ஆக்சிஜன் இல்லாமல் கிடந்த நீர் மேல்நீரோடு கலந்தது. 2018 டிசம்பரிலிருந்து மூன்று முறை, லட்சக்கணக்கில் மீன்கள். அப்புறம் 2023 மார்ச்சில் வெள்ளம் வடிந்த கடும் வெயிலில் மறுபடி. இந்த முறை கோடிக்கணக்கில், பெரும்பாலும் போனி ப்ரீம் என்ற சின்ன வகை. ஆறு கரையிலிருந்து கரை வரை வெள்ளையாக மூடியிருந்ததாக டீக்கடை நடத்தும் அம்மா சொன்னார். ஜன்னலைத் திறக்க முடியவில்லை, குடிக்கவும் குளிக்கவும் யோசனை, எங்கிருந்தோ யார் யாரோ பாட்டில் தண்ணீர் அனுப்பினார்கள். சொல்லும்போது அவர் கை மேஜையைத் துடைத்துக்கொண்டே இருந்தது.

ஏரிகளைச் சுற்றிப் போனோம். வெதரல், பமமாரூ, மெனிண்டி, கவுண்டில்லா என்று நான்கு முக்கிய ஏரிகள். இயற்கையாகவே வெள்ளத்தில் நிறைந்து, வெள்ளம் வடியும்போது ஆற்றுக்குத் திருப்பிக் கொடுத்தவை. பிறகு கரையும் மதகும் வைத்து 1960களில் முழுதாகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். மொத்தக் கொள்ளளவு 1,731 ஜிகாலிட்டர். மாமா உடனே 61 டி.எம்.சி. என்றார், மேட்டூரில் மூன்றில் இரண்டு பங்கு. ஆனால் ஆழமில்லாத ஏரி, நிறைந்திருக்கும் வருஷத்தில் ஏறத்தாழ 400 ஜிகாலிட்டர் ஆவியாகவே போய்விடும். "ஆவியாப் போறதை முன்னாடியே திறந்து விட்டுடலாம்னு எந்த எஞ்சினியரும் நினைப்பான்" என்றார். அப்படித்தான் நினைத்தார்கள். 480 ஜிகாலிட்டருக்குக் கீழே இறங்கினால் ஏரி நியூ சவுத் வேல்ஸ் கையில். மறுபடி 640ஐத் தாண்டினால் மரே டார்லிங் படுகை ஆணையத்தின் கையில், கீழே உள்ள மாநிலங்களுக்கும் சேர்த்து. 2016 இல் நிறைந்த ஏரியை அடுத்த சில மாதங்களில் திறந்து விட்டார்கள். பின்னாலேயே கொடும் வறட்சி வந்தது.

2019 முதல் ப்ரோக்கன் ஹில் நகரத்துக்குத் தண்ணீர், மரே ஆற்றிலிருந்து 270 கி.மீ. குழாயில் போகிறது. அதற்கு முன்பு இந்த ஏரிதான் கொடுத்தது. குழாய் வந்ததும் இனி ஏரியில் தண்ணீர் வைத்திருக்க யாருக்கும் காரணம் இருக்காது என்று இங்கே பயந்தார்கள். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. ஊரைச் சுற்றித் திராட்சைத் தோட்டங்கள் இருந்த இடங்களில் கம்பிகளும் கம்பங்களும் மட்டும் நிற்கின்றன.

மெயின் வியர் என்ற தடுப்பணையில் மாமா ஷட்டர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், நீர்மட்டம் காட்டும் கேஜைப் படித்து நோட்டில் எழுதினார். காரில் ஏறியதும், "கடைமடைக்காரன் வயித்தெரிச்சல் எல்லா ஊர்லயும் ஒண்ணுதான் போல. எங்க ஆபீஸுக்கு வந்து நின்னவங்க முகம் எல்லாம் ஞாபகம் வருதும்மா" என்றார். மேற்கொண்டு அவர் எதுவும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் பமமாரூ கரையில் நூற்றுக்கணக்கில் கூழைக்கடாக்கள். தண்ணீர் இருந்தால் எவ்வளவு உயிர் வந்து இறங்குகிறது!

ஆகஸ்ட் 25, கிஞ்செகா, பூன்கேரி

கிஞ்செகா தேசியப் பூங்காவில் 1875 ஆம் ஆண்டின் கம்பளிக் கொட்டகையைப் பார்த்தோம். இந்த ஆற்றோர மரங்களையே தூணாக நட்டுத் தகரம் வேய்ந்தது. அறுபது லட்சம் ஆடுகளுக்கு இங்கே மயிர் கத்தரித்திருக்கிறார்கள். உள்ளே போனால் இன்னும் ஆட்டுக் கொழுப்பு வாடை.

பிறகு பூன்கேரி வரை தூசி. காபி 6 டாலர் 50, நல்ல காபி.

ஆகஸ்ட் 26, வென்ட்வொர்த்

பூன்கேரியிலிருந்து வென்ட்வொர்த் நெருங்க நெருங்க எலுமிச்சை, ஆரஞ்சு, திராட்சை என்று பசுமை வந்துவிட்டது. மரே ஆற்றின் தயவு. டார்லிங் இங்கே மரேயில் கலக்கிறது. சங்கமத்தில் ஒரு பார்வைக் கோபுரம் இருக்கிறது. மேலே ஏறினால் பால் கலந்த டீ நிறத்தில் டார்லிங், கொஞ்சம் பச்சையாக மரே, கொஞ்ச தூரம் ஒட்டியே ஓடிவிட்டுப் பிறகு கலக்கின்றன. இங்கிருந்து கடலுக்கு இன்னும் 820 கி.மீ.க்கு மேல்.

பக்கத்திலேயே பத்தாம் எண் லாக். படகு வந்தால் கதவை மூடி நீர்மட்டத்தை ஏற்றி இறக்கி அனுப்புகிறார்கள். மாமாவுக்காகவே ஒரு படகு வந்தது என்று நினைக்கிறேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு முழுசாகப் பார்த்தார். லாக் ஊழியர் பேச்சுக் கொடுத்து, இவரும் அதே தொழில் என்று தெரிந்ததும் கைகுலுக்கிவிட்டு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் விளக்கினார்.

ஊரில் ஒரு டிராக்டருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. 1956 இல் இரண்டு ஆறும் ஒருசேரப் பெருகியபோது, விவசாயிகள் தங்கள் சின்ன ஃபெர்குசன் டிராக்டர்களைக் கொண்டுவந்து இரவு பகலாக ஊரைச் சுற்றிக் கரை போட்டுக் காப்பாற்றினார்கள். அதற்கு நன்றி.

இரவுச் சாப்பாடு மில்டுராவில், அரைமணி தூரம். இந்திய ஓட்டல் ஒன்றில் சாதம், பருப்பு, கத்தரிக்காய்க் கூட்டு, மூவருக்கும் 71 டாலர். நாளை ஹே வழியாக சிட்னி.

இந்தப் பாதையில் போக நினைப்பவர்களுக்கு: ஸ்பேர் டயர் இரண்டு எடுத்துப் போங்கள். பெட்ரோல் எங்கே கிடைத்தாலும் நிரப்புங்கள். காலையில் பாதை திறந்திருக்கிறதா என்று கவுன்சிலிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மெனிண்டியில் ஒரு இரவாவது தங்குங்கள், சாப்பாட்டையும் பெட்ரோலையும் அங்கேயே வாங்குங்கள். டீக்கடையில் உட்கார்ந்து ஆற்றைப் பற்றிக் கேட்டால் அவர்களே சொல்வார்கள்.